கல்யாணக் காலையில் கிளம்பாத கார்

மணப்பெண் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அரக்குச் சிவப்பில் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, முழங்கை வரை மருதாணி. வலது கை மட்டும் சாவியின் மேல் இருந்தது. நான் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, என் பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையை உள்ளே விட்டிருந்தேன்.

"அண்ணி, திருப்பட்டுமா?"

"திருப்பு."

டக்.

அவ்வளவுதான். ஒரே ஒரு 'டக்'. பிறகு சத்தமே இல்லை. போர்ட்டிகோ கூரையில் இருந்த குருவி கூட என்னவோ என்று எட்டிப் பார்த்தது.

கோமளா என் நாத்தனார். கணவரின் ஒரே தங்கை. அன்று அவளுக்கு நாற்பத்தாறு வயது. பத்தரை மணிக்குத் திருப்பதிப் பதிவு அலுவலகத்தில் அவளுக்குக் கல்யாணம். நாங்கள் புத்தூரில், எங்கள் வீட்டு வாசலில், காலை எட்டேகாலுக்கு ஒரு 'டக்'கோடு நின்றுகொண்டிருந்தோம்.

மூன்று விநாடி

ஐம்பது வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கூத்தைப் போன வாரம் படித்துவிட்டு, அந்தக் கார் அப்புறம் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

வெள்ளைக் கார். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்தது. நாங்கள் வாங்கி முதல் வருடம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் அதற்கு ஒரு பழக்கம் வந்தது. சாவியைத் திருப்பினால் உடனே எழுந்துகொள்ளாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ண வேண்டும். மூன்றாவது விநாடியில் திடுக்கிட்டு விழித்ததைப் போல உறுமும். பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் "இரும்மா" என்று புரண்டு படுக்கும் பிள்ளையின் குணம்.

என் கணவர் முனிரத்தினம் மண்டல அலுவலகத்தில் ரெகார்டு பார்ப்பவர். எதற்கும் ஒரு காரணத்தை எழுதிக் கோப்பை மூடிவிட்டால்தான் அவருக்கு நிம்மதி. "பேட்டரி போயிடுச்சி" என்றார். புது பேட்டரி வந்தது. முதல் நாள் காலையில் பெருமையாகச் சாவியைத் திருப்பினார்.

ஒன்று, இரண்டு, மூன்று. ர்ர்ரூம்.

அதற்குப் பிறகு ஊரே வைத்தியம் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர் பெட்ரோலில் தண்ணீர் என்றார். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் பிளக் என்றார். டீக்கடைக்காரர், "பனி மேடம், வண்டிக்கு சளி புடிச்சிருக்கு, மேல ஒரு போர்வைய போத்துங்க" என்றார். அதையும் செய்தோம். போர்வையை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு நாய் போய்விட்டது. கார் மட்டும் மாறவில்லை.

கோமளாவும் தயிர் சாதமும்

கோமளாவின் கணவர் அவளுக்கு முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். குழந்தைகள் இல்லை. எங்களோடு வந்து இருந்தாள். ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில், செய்து வருகிற சாமான்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவாள். பதினோரு வருடம் அப்படி ஓடியது. என்னிடம் எல்லாவற்றையும் சொல்பவள், ஒரு விஷயத்தை மட்டும் ஆறு மாதம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

ஒருநாள் இருவரும் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அண்ணி, ஒரு மனுசன் தெனமும் வெறும் தயிர் சாதமே துன்னுகினு இருந்தா, பாக்கற நமக்கு பாவமா இருக்காதா?"

"யாரு அந்த மனுசன்?"

"எங்க ஃபேக்டரி ஸ்டோர்ஸ்ல பாஸ்கர்னு. சித்தூர்க்காரரு. பெண்டாட்டி போயி ஏழு வருசம். பொண்ண கட்டிக் குடுத்துட்டாரு. சமைக்கத் தெரியாது."

"அதனால?"

"அதனால நான் ரெண்டு கறி எக்ஸ்ட்ரா கட்டிக்கினு போறேன்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். வெண்டைக்காய்க்குத் தகுந்த சிவப்பு அது இல்லை.

பாஸ்கர் தெலுங்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். மடித்த கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, மனப்பாடம் செய்துகொண்டு வந்த தமிழில் பேசினார். "உங்க தங்கச்சிய நான் நல்லா பாத்துக்கறன். அவங்க என்னை ஏற்கெனவே நல்லா பாத்துக்கறாங்கோ." எனக்கு அந்த இரண்டாவது வாக்கியத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது.

என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர்தான். ஆனால் நாற்பத்தாறு வயதில் கல்யாணம் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அந்த நாலு பேர் அவர் தலைக்குள்ளேயே குடியிருந்தார்கள். "பாக்கலாம்" என்றார். அந்தப் "பாக்கலாம்" நாலு மாதம் நீடித்தது. கடைசியில் சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டார். மூன்று சாட்சிகள் வேண்டும். நான் ஒன்று, பாஸ்கரின் நண்பர் ஒன்று, இவர் ஒன்று.

ரெட்டெப்பாவின் தீர்ப்பு

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நானும் கோமளாவும் காரை எடுத்துக்கொண்டு ரேணிகுண்டாவுக்குப் போனோம். அங்கே வண்டிகளின் ஒயரிங் வேலை பார்க்கும் ரெட்டெப்பாவைக் கோமளாவுக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பேட்டரிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"ஸ்டார்ட் செய்யண்டி" என்றார்.

சாவியைத் தொட்ட உடனே கார் எழுந்துகொண்டது. மூன்று விநாடி எங்கே போயிற்று? மருத்துவர் முன்னால் போனதும் வலி ஓடிப்போகிற என் முதுகு மாதிரியே இதுவும். ஐந்து முறை அணைத்துப் போட்டோம். ஐந்து முறையும் நல்ல பிள்ளை.

எனக்கு அவமானமாகப் போயிற்று. ரெட்டெப்பா சிரிக்கவில்லை. பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். சுமை கொடுத்துப் பார்த்தார். "பேட்டரி பாகுந்தி. நல்லா கீது." இன்ஜினை ஓடவிட்டு மறுபடி பார்த்தார். பதினாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "சார்ஜும் ஏறுது. டைனமோ மேல தப்பு இல்ல."

"அப்ப எது மேலதான் தப்பு?"

"கரண்டு போற வழியில எங்கியோ இருக்கும்மா. அடம் புடிக்கறப்ப புடிச்சாதான் தெரியும். அன்னிக்கி ஒரு வேல பண்ணுங்க. ஹெட்லைட்ட போட்டுட்டு சாவிய திருப்புங்க. லைட்டு மங்கிப் போச்சின்னா பேட்டரியில பலம் இல்ல. லைட்டு அப்படியே இருந்துச்சின்னா பேட்டரிய திட்டாதீங்க. எனக்கு போன் பண்ணுங்க."

கோமளா அவருடைய மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரும் வழியில் கடையில் நிறுத்தி அதேபோல் ஒன்று வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அவள் வாங்கிய சாமான்களில் வளையலுக்கு அடுத்தது மல்டிமீட்டர்.

இருபத்தெட்டு வருடப் பாடம்

இங்கே என்னைப் பற்றி ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். நான் இயற்பியல் ஆசிரியை. இருபத்தெட்டு வருடம் மின்சுற்று நடத்தியவள். கரும்பலகையில் வட்டம் போட்டு, "மின்சாரம் பேட்டரியிலேர்ந்து போனா மட்டும் போதாது, திரும்பி வர வழி இருக்கணும்" என்று சாக்பீஸ் உடைய உடையச் சொன்னவள். டார்ச் செல்லையும் சின்ன பல்பையும் இணைத்து ஆயிரம் முறை எரியவிட்டிருக்கிறேன்.

ஆனால் என் சொந்தக் காரின் பேட்டரியை ஒருநாளும் தொட்டதில்லை. பானெட் எங்கே திறக்கும் என்பதே எனக்கு ஓட்டுநர் பள்ளியில்தான் தெரிந்தது. பாடப் புத்தகத்தில் இருந்த மின்சாரம் வேறு, வாசலில் நின்ற மின்சாரம் வேறு என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஒருமுறை ஒரு பெண் வகுப்பில் எழுந்து, "மேடம், கார்ல ஒரே ஒரு தடி ஒயர்தானே இன்ஜினுக்கு போகுது, திரும்பி வர ஒயர் எங்க?" என்று கேட்டாள். அவள் அப்பா மெக்கானிக். நான், "அது உடம்பு வழியா வரும், உட்காரு" என்றேன். சரியான விடைதான். சொன்னவளுக்குத்தான் அதன் பொருள் தெரியாது.

சகுனம்

கல்யாணக் காலைக்கு வருவோம்.

முதல் 'டக்'குக்கே வாசலில் ஒரு கூட்டம் கூடிவிட்டது என்று சொல்ல ஆசை. கூடியது ஒரே ஒருவர்தான். ஆனால் அவர் ஒரு கூட்டத்துக்குச் சமம். கணவரின் சித்தி, முனியம்மா. பிச்சாட்டூரிலிருந்து முந்தின நாளே வந்திருந்தார்.

"தோ பாரு முனி," என்றார் என் கணவரிடம். "நல்ல காரியத்துக்கு கெளம்பறப்ப வண்டி நின்னுபோச்சி. சகுனம் சரியில்லப்பா. நான் அப்பவே நெனச்சேன்."

என் கணவர் பட்டு வேட்டியில், கையில் இனிப்பு டப்பாக்களோடு நின்றிருந்தார். அவர் முகத்தில் அந்த நாலு பேரும் ஒன்றாக வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

"சரளா," என்றார் மெதுவாக. "இன்னொரு நாளைக்கி வச்சிக்கலாமா? வாடகக் கார் கேட்டா எல்லாம் முகூர்த்தத்துக்கு போயிடுச்சின்றான்."

பஸ்ஸில் போயிருக்கலாம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் சிக்கல் திருப்பதி போய்ச் சேர்வதில் இல்லை. இந்தக் கார் இப்படியே நின்றால் இவர் மனசும் இதே இடத்தில் நின்றுவிடும். பஸ் ஏறினாலும் பாதி மனசோடுதான் ஏறுவார். அதைவிட, காருக்குள் உட்கார்ந்திருந்தவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கொண்டிருந்தது.

"அண்ணி," என்றாள் கோமளா. குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "இது சகுனமா?"

எனக்குக் கோபம் வந்தது. காரின் மேல் அல்ல. பதினோரு வருடம் கழித்து ஒரு பெண் சந்தோஷமாகப் பூ வைத்துக்கொள்கிறாள், ஒரு 'டக்' வந்து அதைக் கேள்வி கேட்பதா?

"அத இப்ப பாத்துடலாம். ஹெட்லைட்ட போடு" என்றேன்.

வட்டம் எங்கே அறுந்தது

முதலில் ரெட்டெப்பாவைத்தான் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். "ஆயன கொண்டக்கு போயினாரு." மலைக்குப் போயிருக்கிறார். தரிசன வரிசையில் நிற்பவரிடம் போன் இருக்காது. ஏழுமலையானிடமிருந்து என் மெக்கானிக்கைத் திரும்பப் பெற மாலையாகிவிடும்.

சரி. இருபத்தெட்டு வருடம் நடத்திய பாடம், இன்று பரீட்சை.

போர்ட்டிகோவின் எதிர்ச்சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் விழுந்தன. "திருப்பு" என்றேன். டக். வெளிச்சம் துளியும் மங்கவில்லை.

"பேட்டரி நல்லா இருக்கு!" என்று கத்தினேன். சித்தி இரண்டடி பின்னால் போனார்.

கோமளா இறங்கி வந்தாள். மருதாணிக் கையால் மீட்டரின் முனைகளைப் பேட்டரியில் வைத்தாள். வேலை பார்க்கிற இடத்தில் வரும் முகம் அவளுக்கு வந்துவிட்டது. "பன்னண்டு புள்ளி அஞ்சு" என்று படித்தாள். வாட்டம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பேட்டரியில் பலம் இருக்கிறது. ஆனால் இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டாருக்கு அது கிடைக்கவில்லை. போகிற சிவப்பு ஒயரை அசைத்துப் பார்த்தேன். இறுக்கமாக, சுத்தமாக இருந்தது. அப்போதுதான் அந்த மாணவியின் கேள்வி நினைவுக்கு வந்தது. திரும்பி வர ஒயர் எங்கே?

இன்ஜினின் இரும்பு உடம்பு வழியாகத்தான் மின்சாரம் திரும்பும். அந்த உடம்பிலிருந்து பேட்டரியின் மைனஸுக்கு ஒரு கறுப்பு ஒயர் போக வேண்டும். அந்த வழி அடைத்திருந்தால்?

"மீட்டரோட ஒரு முனைய மைனஸ்ல வை, இன்னொண்ண இந்த இன்ஜின் இரும்புல வை" என்றேன் கோமளாவிடம். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கணும். அப்ப கிட்டத்தட்ட ஜீரோ காட்டணும். யாராவது சாவிய திருப்புங்க."

யாராவது என்றால் மிச்சம் இருந்தது இரண்டு பேர். சித்தி காரையே தொடமாட்டார். என் கணவர் டப்பாக்களைப் படியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். திருப்பினார்.

"ஏழு காட்டுது அண்ணி! ஏழு வோல்ட்!"

பாதிக்கு மேல் பலம் அந்த ஒரு இடத்திலேயே வீணாகிக்கொண்டிருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினேன்.

"என்னா ஆச்சி?" என்றார் என் கணவர்.

"சகுனம் இல்லைங்க. எர்த்து!"

டிக்கியில் அவசரத்துக்கென்று ஒரு ஜம்பர் கேபிள் இருந்தது. அதன் ஒரு கவ்வியை மைனஸில் மாட்டினேன், இன்னொன்றை இன்ஜினில் இருந்த கொக்கியில் மாட்டினேன். அடைத்த வழிக்குப் பதிலாக ஒரு மாற்று வழி.

"திருப்புங்க."

ஒன்று என்று எண்ணக்கூட நேரம் இல்லை. ர்ர்ரூம்! குருவி பறந்தது. கோமளா மீட்டரோடு என்னைக் கட்டிக்கொண்டாள். என் ரவிக்கையில் கிரீஸ் ஒட்டியது. சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் நம்பர்

ஆனால் கேபிளை மாட்டிக்கொண்டே திருப்பதி போக முடியாது. இன்ஜினை அணைத்து, கேபிளைக் கழற்றிவிட்டு, கறுப்பு ஒயரைக் கையால் தடவிக்கொண்டே கீழே போனேன். பேட்டரித் தட்டுக்கு அடியில், அது இன்ஜினோடு சேர்கிற போல்ட் இருந்தது. சுற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, அதன் கீழே துரு. ஈர நாளில் வேலை செய்யாது, காய்ந்த நாளில் செய்யும். ரெட்டெப்பா முன்னால் அது நடித்த நாடகம் இப்போதுதான் புரிந்தது.

"கழட்டி தேய்ச்சா சரியாயிடும்" என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை. என் கணவர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். எனக்கு மனசு தொய்ந்தது. போச்சு, வேட்டியை மாற்றப் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தார். ஒரு கையில் ஸ்பேனர் பெட்டி. இன்னொரு கையில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மீந்த உப்புத்தாள்.

"எத்தனாம் நம்பர்?" என்றார்.

"பன்னண்டு."

பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு அவரே குனிந்தார். போல்ட் முதலில் அசையவில்லை. மூச்சைப் பிடித்து அழுத்தினார். 'க்றீச்' என்று இளகியது. உப்புத்தாளை மடித்து, ஒயரின் வளையத்தையும் அது உட்காரும் இடத்தையும் தேய்க்க ஆரம்பித்தார். நான் தேய்க்கிறேன் என்றேன். தரவில்லை. கோமளா, "அண்ணா, வேட்டி கறையாவுது" என்றாள்.

"ஆவட்டும்" என்றார் நிமிராமலே. "என் தங்கச்சி கல்யாணத்துல என் வேட்டியில கற படலன்னா யார் வேட்டியில படும்?"

இரும்பு வெள்ளியாக மின்னும் வரை தேய்த்தார். இறுக்கினார். கோமளா மறுபடி மீட்டரை வைத்தாள். நான் சாவியைத் திருப்பினேன். கார் உடனே உறுமியது. மீட்டரில் பூச்சியம் புள்ளி ஒன்று. அவள் வேலையிடத்தில் செய்வதுபோல் தலையை ஆட்டி, "பாஸ்" என்றாள்.

நாங்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் சித்தி முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் போட்டுக்கொண்டிருந்தார். "நான் வேண்டிக்கினேன், அதான் கெளம்பிச்சி" என்றார். யாரும் மறுக்கவில்லை. அன்று எல்லோருக்கும் பங்கு கொடுக்க எங்களிடம் சந்தோஷம் இருந்தது.

அன்னய்யா

பத்து பத்துக்குப் பதிவு அலுவலகம். பாஸ்கர் வாசலில் கைக்குட்டையோடு நின்றிருந்தார். நெற்றியில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. கோமளாவைப் பார்த்ததும் மனப்பாடம் செய்துவைத்திருந்த தமிழெல்லாம் மறந்துபோய், "ஒச்சாவா?" என்று மட்டும் கேட்டார். வந்துட்டியா? அவள் "வந்துட்டேன்" என்றாள். அதைவிட நல்ல மந்திரம் எந்த முகூர்த்தத்திலும் நான் கேட்டதில்லை.

உள்ளே குமாஸ்தா தெலுங்கில் சாட்சிகளை அழைத்தார். நானும் பாஸ்கரின் நண்பரும் யார் முதலில் என்று பார்த்துக்கொண்டோம். அதற்குள் என் கணவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். பெண்ணுக்கு என்ன உறவு என்று குமாஸ்தா கேட்டார். இவர், "அன்னய்யா" என்றார். அண்ணன். அந்த ஒரு சொல்லிலேயே குரல் உடைந்தது. கையெழுத்தை மட்டும் ரெகார்டு எழுதுகிறவர் பாணியில் நிதானமாக, திருத்தமாகப் போட்டார்.

மாலை மாற்றி, தாலி கட்டி, இலை போட்டுச் சாப்பிட்டோம். பாஸ்கரின் அம்மா காலில் அடிபட்டுச் சித்தூரில் படுத்திருந்தார். மருமகளைப் பார்க்கக் காத்திருந்தார். என் கணவர் கார் சாவியை எடுத்துக் கோமளாவிடம் நீட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் ஓட்டிக்கினு போங்க. நாங்க பஸ்ல போய்க்கிறோம்."

பாஸ்கருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து இருக்கையில் பயபக்தியோடு உட்கார்ந்தார். மணப்பெண் ஓட்ட, மாப்பிள்ளை மாலையோடு பக்கத்தில். இந்த அழகான காட்சி இரண்டு நிமிடம்தான். பின் கதவு திறந்தது. சித்தி ஏறினார். "பொண்ணு போற வீட்ட யாராச்சும் பெரியவங்க பாக்க வேணாமா?" கார் கிளம்பிச் சித்தூர் சாலையில் திரும்பும் வரை சித்தியின் கை ஜன்னலுக்கு வெளியே எங்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

புத்தூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். கறை படிந்த பட்டு வேட்டியும் கிரீஸ் ரவிக்கையுமாக நாங்கள் இருவரும் நடுவில் நின்றோம். கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "பெள்ளிக்கா?" என்றார். கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறீர்களா என்று.

என் கணவர் என்ன சொல்வார் என்று எனக்கு நிச்சயமில்லை. அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்படி சொன்னார். "மா செல்லெலி பெள்ளி! என் தங்கச்சி கல்யாணம்!"

சொல்லிவிட்டு வீட்டுக்கென்று வைத்திருந்த மைசூர்பாகு டப்பாவைத் திறந்தார். வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளை என்ன வேலை, எந்த ஊர், பெண்ணுக்கு என்ன வயசு என்று எல்லோரும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வயதையும் சொன்னார். நாற்பத்தாறு என்றதும் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாள், "மஞ்சிதி நாயனா, சால மஞ்சிதி" என்றார், நல்லதுப்பா, ரொம்ப நல்லது என்று. இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வடமாலப்பேட்டையில் பஸ் நின்றது. ஆட்கள் ஏறி முடித்தார்கள். கண்டக்டர் வாய் நிறைய மைசூர்பாகு. "ரைட்" சொல்லப் பார்த்தார், சத்தம் வரவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். கண்டக்டர் விழி பிதுங்கக் கையை ஆட்டினார். பஸ்ஸில் சிரிப்பு கிளம்பியது. என் கணவர்தான் முதலில் ஆரம்பித்தார், பிறகு நான், பிறகு பஸ் மொத்தமும் சேர்ந்து கத்தினோம்.

"ரைட்! ரைட்!"